கப்பலில் எந்த அறை வேண்டும்?



அண்மைக்காலமாக மகளிர் கூட்டங்கள் முடிந்து தேநீர் குடிக்கும் வேளைகளில் ஒரு புதிய கேள்வி எழுகின்றது. "மகள் கனடாவிலை இருந்து ரெலிபோன் எடுத்தவள். என்னைக் கப்பலிலை கூட்டிக்கொண்டு போகப் போறாளாம். எந்த இடத்திலை அறை வேணும் எண்டு கேக்கிறாள். நான் என்னத்தைச் சொல்லுறது பிள்ளை?" என்று தாய்மார் கேட்கின்றனர். வேறொரு தாய்க்கு அது நோர்வேயிலுள்ள மகன். இன்னொருவருக்கு ஜேர்மனியிலுள்ள தங்கை. பெரும்பாலானோர் ஐம்பது வயதைக் கடந்தவர்கள். பல ஆண்டுகள் காத்திருந்து விசா கிடைத்து, பிள்ளைகளைப் பார்க்கப் போகின்றவர்கள். அங்கே பிள்ளைகள் விடுமுறை எடுத்துக்கொண்டு, பெற்றவளைச் சந்தோசப்படுத்த வேண்டும் என்று ஏழு நாள் உல்லாசக் கப்பல் பயணத்துக்குப் பணம் கட்டுகின்றனர்.

"வீட்டுத்திட்டத்துக்கே இன்னும் அலைந்துகொண்டிருக்கிறோம், எங்களுக்கு எதற்கு உல்லாசக் கப்பல்?" என்று சில வாசகியர் நினைக்கலாம். அந்தக் கேள்வியில் நியாயம் உண்டு. ஆயினும் இத்தகைய கப்பல் இன்று எமக்கு முற்றிலும் தூரத்துப் பொருள் அல்ல. 2023 ஜூனில் சென்னையிலிருந்து புறப்பட்ட 'எம்பிரஸ்' என்னும் உல்லாசக் கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை ஆகிய துறைமுகங்களைத் தொட்டு, 16ஆம் திகதி காங்கேசன்துறைக்கு வந்து சேர்ந்தது. அதே ஆண்டு ஒக்ரோபரில் நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பயணிகள் படகுச் சேவை தொடங்கியது. அதில் அறை இல்லை, ஆசனம் மட்டுமே. ஆனாலும் எந்த இடத்தில் இருந்தால் தலை சுற்றாது என்பது அங்கும் கேள்விதான். ஆகவே இம்மாதம் கப்பலில் இடம் தெரிவுசெய்வது பற்றிப் பேசுவோம்.

"எனக்கு எதெண்டாலும் பரவாயில்லை"

பிள்ளைகள் கேட்கும்போது நம் தாய்மார் சொல்லும் முதற் பதில் இதுதான். விட்டுக்கொடுத்து வாழப் பழகிய மனம் ஒரு காரணம். இன்னொரு காரணமும் உண்டு. இடம்பெயர்ந்த காலத்தில் எங்கே படுப்பது என்பதை நாங்கள் தீர்மானிக்கவில்லை. பாடசாலை மண்டபத்தின் எந்த மூலை, எந்தக் கூடாரம், எத்தனை பேருடன், மலசலகூடத்துக்கு எவ்வளவு தூரம் என்பதையெல்லாம் வேறு யாரோ தீர்மானித்தார்கள். கேட்டாலும் பயனில்லை என்று பழகிப்போன பெண்ணிடம், "அம்மா, உங்களுக்கு எந்த இடம் வேணும்?" என்று கேட்டால் அவளுக்குப் பதில் வராது. சமூகவியலில் தெரிவு என்பதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். தெரிவுசெய்யும் உரிமையைக் கையில் கொடுத்தால் மட்டும் போதாது, எதை எதிலிருந்து தெரிவுசெய்கிறோம் என்ற அறிவும் வேண்டும் என்பதே அதன் சாரம். அந்த அறிவைத்தான் இங்கே தர முயல்கிறேன்.

துலாவை நினைத்துக்கொள்ளுங்கள்

முதலில் கப்பலின் ஆட்டம். யாழ்ப்பாணக் கிணற்றடியில் துலா மிதித்ததைக் கண்ட சகோதரிகளுக்கு இதை விளங்கப்படுத்துவது மிகச் சுலபம். துலாவின் இரு முனைகளும் ஏறி இறங்கும். ஆடுகாலுக்கு நேர் மேலேயுள்ள பகுதி மாத்திரம் ஏறக்குறைய நின்ற இடத்திலேயே நிற்கும். கப்பலும் அப்படித்தான். அலை வரும்போது கரையோரத்தவர்கள் அணியம் என்று சொல்லும் முன்பகுதி எழும்ப, பின்பகுதி தாழும். பின்னர் மறுபுறமாக நடக்கும். நடுப்பகுதி மிகக் குறைவாகவே அசையும்.

ஒரு சிறு கணக்குப் பார்ப்போம். எம்பிரஸ் கப்பலின் நீளம் 200 மீற்றருக்குச் சற்று அதிகம். அத்தகைய கப்பல் முன்பின்னாக ஒரே ஒரு பாகை சாய்ந்தால், நடுவிலிருந்து 100 மீற்றர் தள்ளியுள்ள முன்முனை ஏறத்தாழ 1.75 மீற்றர் உயரும். அதாவது ஓர் ஆள் உயரம். நடுவிலிருந்து 10 மீற்றர் தள்ளியுள்ள அறையோ 17 சென்ரிமீற்றர் அளவே உயரும். ஒரே கப்பல், ஒரே அலை. முன்முனையில் படுத்திருப்பவர் சத்தி எடுத்துக்கொண்டிருக்க, நடுவில் இருப்பவர் தேநீர் குடித்துக்கொண்டிருப்பார்.

அடுத்தது பக்கவாட்டு ஆட்டம். இதில் மேலே போகப்போக அசைவு கூடும். தென்னை மரத்தின் அடி அசையாமல் நிற்க, வட்டு காற்றில் ஆடுவதைப் போன்றது இது. புதிய கப்பல்களின் இரு புறமும் நீருக்கடியில் மீனின் செட்டை போன்ற அமைப்புகள் இருக்கின்றன. அவை பக்கவாட்டு ஆட்டத்தைக் கணிசமாகக் குறைக்கும். ஆனால் முன்பின் ஆட்டத்தை அவற்றால் பெரிதாகக் குறைக்க முடியாது. ஆகவே தலைச்சுற்றுக்கும் சத்திக்கும் பயந்தவர்கள் நினைவில் வைக்க வேண்டிய சொற்கள் இரண்டே: நடுவில், கீழே. கீழே என்றால் பயணிகளுக்கான தட்டுகளில் கீழ்த்தட்டு.

பணம் கூடக் கொடுத்தால் நல்ல இடம் என்று எல்லோரும் நினைக்கிறோம். கப்பலில் அது எப்போதும் உண்மையல்ல. விலைகூடிய அறைகள் பெரும்பாலும் மேல் தட்டுகளில் இருக்கும். காட்சி அங்கே அழகு, ஆட்டமும் அங்கேதான் அதிகம். மலிவான கீழ்த்தட்டு நடு அறையில் ஒருவர் நிம்மதியாக நித்திரை கொள்ளலாம்.

எந்தக் கடல், எந்தக் காலம் என்பதையும் விசாரியுங்கள். வன்கூவரிலிருந்து அலாஸ்காவுக்குப் போகும் கப்பல்கள் பெருமளவு தூரம் தீவுகளுக்கும் நிலத்துக்கும் இடையிலான ஒடுங்கிய நீர்ப்பாதையில் போகின்றன. அங்கே நீர் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். நோர்வேயின் மலையிடுக்குக் கடல்களும் அப்படியே. ஆனால் திறந்த வடகடலைக் கடக்கும் இரவு வேறு மாதிரி. எங்கள் வங்காள விரிகுடாவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். வாடைக்காற்றும் சோளகமும் எப்போது மாறும் என்று கரையோரச் சகோதரிகள் எனக்குச் சொல்லித்தருவார்கள். ஒக்ரோபர் முதல் டிசம்பர் வரை அது சூறாவளிக் காலம் என்பதும் நாம் அனுபவித்து அறிந்ததே.

நான்கு வகை அறைகள்

உல்லாசக் கப்பல்களில் பொதுவாக நான்கு வகை அறைகள் உள்ளன. முதலாவது உள்ளறை. இதற்கு யன்னல் இல்லை, விலை குறைவு. இரண்டாவது யன்னல் அறை. வெளிச்சம் வரும், கடல் தெரியும், ஆனால் அந்த யன்னலைத் திறக்க முடியாது. மூன்றாவது பல்கணி அறை. கதவைத் திறந்து வெளிக்காற்றில் இருக்கலாம். நான்காவது பெரிய சொகுசு அறை. அதை இங்கே விட்டுவிடுவோம்.

யன்னல் அறையிலும் ஒரு நுணுக்கம் உண்டு. உயிர்காப்புப் படகுகள் தொங்கும் தட்டில் சில யன்னல்களுக்கு முன்னால் படகுதான் தெரியும், கடல் தெரியாது. இதை 'மறைக்கப்பட்ட காட்சி' என்று குறித்து விலையைக் குறைத்து விற்பார்கள். வெளிச்சம் மட்டும் போதும் என்பவர்களுக்கு இது நல்ல தெரிவு. இன்னொரு வகை விற்பனையும் இருக்கிறது. அறையின் வகையை மட்டும் பணம் கட்டுபவர் தீர்மானிப்பார். அது எந்தத் தட்டில், எந்த மூலையில் என்பதைக் கொம்பனியே பின்னர் தீர்மானிக்கும். இது மலிவு. உடலிலோ மனத்திலோ விசேட தேவையுள்ள பெண்ணுக்கு இவ்வகை ரிக்கற் பொருந்தாது. இதைப் பிள்ளைகளிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

கட்டணம் பெரும்பாலும் அறைக்கு இரண்டு பேர் என்ற கணக்கில் விதிக்கப்படுகின்றது. தனியாக ஓர் அறையில் தங்குபவர் பல வேளைகளில் ஏறக்குறைய இரண்டு பேருக்கான பணத்தைக் கட்ட வேண்டியிருக்கும். கணவனை இழந்த தாய்மாரின் விடயத்தில் இங்கேதான் சிக்கல் வருகின்றது. மகளும் மருமகனும் பல்கணி அறையில் தங்க, அம்மம்மாவைப் பேரப்பிள்ளைகள் இருவருடன் உள்ளறையில் விடுவது வழக்கமாகிவிட்டது. பேரப்பிள்ளைகளோடு இருப்பது ஆனந்தம்தான். ஆனால் அப்படியான அறைகளில் மூன்றாவது, நான்காவது கட்டில்கள் சுவரிலிருந்தோ கூரையிலிருந்தோ இறக்கப்படுபவை. ஏணி வைத்து ஏற வேண்டும். முழங்கால் நோவுள்ள தாய்க்குக் கீழ்க்கட்டில்தான் வேண்டும் என்பதை முன்கூட்டியே கேட்டு உறுதிப்படுத்த வேண்டும். ஏழு இரவும் பிள்ளை பார்க்கும் வேலை அம்மம்மாவுக்குத்தானா என்பதையும் சிரித்துக்கொண்டே கேட்டுவிடலாம். கேட்பது குற்றமில்லை.

இருட்டும் யன்னலும்

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்த விடயம். உள்ளறையில் விளக்கை அணைத்தால் முழு இருட்டு. கையை முகத்துக்கு நேரே பிடித்தாலும் தெரியாது. பகலா இரவா என்று புரியாது. இயந்திரத்தின் தாழ்ந்த ஒலி சுவருக்குள்ளிருந்து வந்துகொண்டே இருக்கும். சாதாரணப் பயணி ஒருவர் இதை "நல்ல நித்திரை" என்பார். பதுங்குகுழிக்குள் நாட்கணக்கில் இருந்த ஒரு பெண்ணுக்கு அது வேறு.

நான் அறிந்த ஒரு தாய், பிள்ளைகளோடு போன பயணத்தில் முதலிரவு முழுவதும் நடைபாதைக் கம்பளத்தில் இருந்தே விடிய வைத்தார். "அறைக்குள்ளை மூச்சு முட்டுது" என்று மட்டும் சொன்னாராம். இவ்வளவு செலவழித்தும் அம்மாவுக்குத் திருப்தியில்லையே என்று மகளுக்கு மனக்கசப்பு. மகள் சிறுவயதிலேயே வெளிநாடு போனவள். பங்கருக்குள் இருந்ததில்லை. தாயும் அதைப் பற்றி ஒருநாளும் வாய் திறந்ததில்லை. ஒருவர் சொல்லாததும் மற்றவர் கேட்காததும் சேர்ந்து, அந்தப் பயணம் இருவருக்கும் நோவாகிப் போனது.

உங்களுக்கு மூடிய அறை ஒத்துவராது என்றால் அதை இப்போதே, ரிக்கற் போட முன்னரே, சொல்லுங்கள். காரணத்தை முழுவதும் விளக்க வேண்டும் என்பதில்லை. "யன்னல் இல்லாத அறையிலை எனக்கு நித்திரை வராது பிள்ளை" என்ற ஒரு வசனம் போதும். அது பெருமையோ அடமோ அல்ல. போர் முடிந்து பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது, இன்னுமா என்று யாரும் கேட்டால், உடல் நாட்காட்டி பார்ப்பதில்லை என்று சொல்லுங்கள்.

பணம் போதாமல் உள்ளறைதான் கிடைக்கும் என்றால் அதற்கும் வழிகள் உண்டு. மலசலகூட விளக்கை எரியவிட்டுக் கதவைச் சிறிது திறந்து வைக்கலாம். பற்றரியில் எரியும் சிறிய விளக்கொன்றைக் கொண்டு போகலாம். மெழுகுதிரி, குத்துவிளக்கு, சாம்பிராணி எதையும் கப்பலில் கொளுத்த முடியாது; தீ அங்கே மிகப் பெரிய ஆபத்து. பல கப்பல்களில் அறைத் தொலைக்காட்சியின் ஓர் அலைவரிசையில் கப்பலின் முன்புறக் கடல் எந்நேரமும் தெரியும். ஒலியைக் குறைத்து அதைப் போட்டுவிட்டால் விடியும்போது அறைக்குள்ளும் விடியும். எல்லாவற்றுக்கும் மேலாக, உள்ளறை நித்திரைக்கு மட்டுமே. பகல் முழுவதும் திறந்த தட்டில் இருக்கலாம். அந்தக் கடலும் காற்றும் பல்கணி அறைக்காரருக்கும் உள்ளறைக்காரருக்கும் ஒன்றுதான்.

மாறாக, திறந்த கடலைப் பார்க்கவே அஞ்சுபவர்களும் நம்மிடையே இருக்கின்றனர். 2004 டிசம்பர் 26ஆம் திகதி சுனாமியில் உறவுகளை இழந்த சகோதரி ஒருவருக்குப் பல்கணி அறை பரிசாகாது. அவருக்கு உள்ளறையோ, தடித்த திரையுள்ள யன்னல் அறையோ ஆறுதலாக இருக்கலாம். ஆகவே எல்லோருக்கும் பொருந்தும் நல்ல அறை என்று ஒன்றில்லை.

சத்தங்கள்

கப்பலில் நித்திரையைக் கெடுப்பது பெரும்பாலும் அலையல்ல, சத்தம். முன்பகுதியின் கீழ்த்தட்டு அறைகளில் நங்கூரச் சங்கிலி இறங்கும் சத்தம் அதிகாலையில் இடிபோலக் கேட்கும். துறைமுகத்தில் கப்பலைப் பக்கவாட்டாகத் தள்ளும் இயந்திரமும் முன்பகுதியின் அடியில்தான் உள்ளது. அது வேலை செய்யும்போது கட்டில் அதிரும். பின்பகுதியின் கீழே தள்ளுவிசிறியின் அதிர்வு. நீச்சல் தடாகத் தட்டுக்கு நேர் கீழே உள்ள அறைகளில் விடியமுன்னரே கதிரைகளை இழுக்கும் சத்தம். நாடக மண்டபத்துக்கும் நடனக்கூடத்துக்கும் மேலேயோ கீழேயோ உள்ள அறைகளில் நடுநிசி வரை மேளம். லிப்ற் வாசலில் இரவு முழுவதும் கதை.

இவற்றைத் தவிர்க்க ஒரு சுலபமான வழி உண்டு. ஒவ்வொரு கப்பலுக்கும் தட்டு வாரியாக வரைபடம் இருக்கின்றது. பிள்ளைகளிடம் அதைக் காட்டச் சொல்லுங்கள். நீங்கள் தங்கும் அறைக்கு மேல்தட்டிலும் அறைகள், கீழ்த்தட்டிலும் அறைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் அது அமைதியான இடம். வரைபடத்தில் வெறுமையாக விடப்பட்ட பகுதி பக்கத்தில் இருந்தால், அது களஞ்சியமாகவோ குசினியாகவோ ஊழியரின் வேலையிடமாகவோ இருக்கலாம். இரு அறைகளுக்கு இடையே கதவுள்ள அறைகளும் உண்டு. மகள் பக்கத்து அறையில் இருந்தால் அது வசதி. அந்நியர் இருந்தால் அவர்களின் பேச்செல்லாம் உங்கள் காதில் விழும்.

மூடுபனியில் கப்பல் ஓடும்போது, மற்றக் கப்பல்களை எச்சரிக்க இரண்டு நிமிடத்துக்குள் ஒருமுறையாவது நீண்ட ஊதல் ஒலியை எழுப்ப வேண்டும் என்பது சர்வதேசக் கடல்விதி. மேல் தட்டின் முன்பகுதியில் இருப்பவர்களுக்கு அது பலமாகக் கேட்கும். ஆபத்து வந்துவிட்டது என்பதல்ல அதன் பொருள்.

இன்னோர் ஒலியைக் கட்டாயம் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். ஏழு குறுகிய ஒலியும் ஒரு நீண்ட ஒலியும். இது கப்பலின் அவசர அழைப்பு. பயணம் தொடங்கும் நாளில் பயிற்சிக்காக இதை ஒலிப்பார்கள். 2012 ஜனவரி 13ஆம் திகதி இத்தாலியில் 'கொஸ்ரா கொன்கோர்டியா' என்ற கப்பல் பாறையில் மோதி 32 பேர் இறந்தனர். அன்று ஏறிய பல பயணிகளுக்குப் பயிற்சி நடந்திருக்கவில்லை. அதன் பின்னர் விதி இறுக்கப்பட்டு, 2015 ஜனவரி முதல், கப்பல் புறப்பட முன்னரோ புறப்பட்ட உடனேயோ பயிற்சி நடத்த வேண்டும் என்றாயிற்று. விமானக் குண்டுவீச்சுக்கு முன் ஒலித்த எச்சரிக்கையை நினைவில் சுமப்பவர்கள், "இது பயிற்சி, இன்ன நேரத்துக்கு ஒலிக்கும்" என்று முதலே தெரிந்திருந்தால் உடல் பதறுவது குறையும். நேரத்தைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அந்த வேளையில் யாராவது கையைப் பிடித்துக்கொண்டு நிற்கட்டும். அறையிலிருந்து நீங்கள் ஒன்றுகூட வேண்டிய இடத்துக்கு ஒருமுறை நடந்து பாருங்கள். லிப்ற்றில் அல்ல, படிக்கட்டால்.

நடக்கச் சிரமமுள்ளவர்கள்

செயற்கைக் காலுடனோ ஊன்றுகோலுடனோ சக்கர நாற்காலியுடனோ வாழும் சகோதரிகள் சிலர், "எங்களைக் கப்பலில் ஏற்றுவார்களா?" என்று கேட்கின்றனர். ஏற்றுவார்கள். அகலமான வாசல், தடுக்கும் வாசற்படியில்லாத குளியலறை, கைபிடிகள், இருந்துகொண்டு குளிக்க ஆசனம் ஆகியவற்றுடன் சில அறைகள் தனியாகவே அமைக்கப்பட்டுள்ளன. ஆனால் அவை எண்ணிக்கையில் சில. முதலில் முடிவதும் அவையே. பல மாதங்களுக்கு முன்பே கேட்க வேண்டும்.

இங்கே இரண்டு விடயங்களைக் கவனியுங்கள். லிப்ற்றுக்கு மிக அருகில் சத்தம் என்று மேலே சொன்னேன். ஆனால் பெரிய கப்பலின் நடைபாதை மிக நீளமானது. 2024இல் பயணத்தைத் தொடங்கிய 'ஐகன் ஒஃப் த சீஸ்' கப்பலின் நீளம் 365 மீற்றர், தட்டுகள் 20. செயற்கைக் கால் பொருத்தியவர் ஒரு நாளில் மூன்று வேளைச் சாப்பாட்டுக்கு இந்தத் தூரத்தை நடந்தால் தொடைமுனை புண்ணாகிவிடும். அவருக்கு லிப்ற்றிலிருந்து ஐந்தாறு அறைகள் தள்ளிய இடம்தான் நல்லது. சத்தமும் குறைவு, நடையும் குறைவு. இரவில் காலைக் கழற்றி வைத்தபின் மலசலகூடத்துக்குப் போகும் வழியில் பிடித்துக்கொள்ள ஏதேனும் இருக்கிறதா என்றும் கேளுங்கள். கப்பல் ஆடும்போது ஒற்றைக்காலில் நிற்பது நிலத்தில் நிற்பதைப் போன்றதல்ல.

இரண்டாவது, எல்லாத் துறைமுகத்திலும் கப்பல் கரையில் கட்டப்படுவதில்லை. சில இடங்களில் நடுக்கடலில் நங்கூரமிட்டுச் சிறு படகில் இறக்குவார்கள். நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் போய்வந்தவர்களுக்கு ஆடும் படகில் கால் வைப்பதன் சிரமம் தெரியும். சக்கர நாற்காலியில் இருப்பவரை அப்படி இறக்க மறுக்கவும் கூடும். எந்தத் துறைமுகம் எப்படி என்று முன்பே கேட்டால் அன்றைய நாள் ஏமாற்றமாகாது.

எந்தப் பக்கம்?

கப்பலின் முன்புறத்தைப் பார்த்து நின்றால் இடது கைப்பக்கம் இடப்புறம். போய் அதே வழியில் திரும்பும் பயணத்தில் எந்தப் பக்கமும் ஒன்றே. ஒருவழிப் பயணத்தில் மாத்திரம் கரை ஒரு பக்கத்தில் இருக்கும்.

திருகோணமலையிலிருந்து காங்கேசன்துறைக்கு வரும் கப்பலில் கரை இடப்புறம். கப்பல் எவ்வளவு தூரத்தில் போகிறது, பகலா இரவா என்பதைப் பொறுத்துக் கண்ணுக்குத் தெரியலாம், தெரியாமலும் போகலாம். ஆனால் அந்தக் கரை முல்லைத்தீவுக் கரை. 2009 பெப்ரவரி முதல் மே வரை காயப்பட்டவர்களைச் செஞ்சிலுவைச் சங்கத்தின் கப்பல் அக்கரையிலிருந்து திருகோணமலைக்கு ஏற்றிச் சென்றது. 2006 ஆகஸ்டில் ஏ9 வீதி மூடப்பட்டபின் குடாநாட்டு மக்கள் போக்குவரத்துக்குக் கப்பலை நம்பியிருந்ததும் இதே கடல்வழியில்தான். அன்று யாரும் எந்தப் பக்கம் வேண்டும் என்று கேட்கவில்லை.

இனிவரும் காலத்தில் எம்மில் ஒருத்தி அவ்வழியே உல்லாசக் கப்பலில் வரக்கூடும். அவள் இடப்புற அறையைக் கேட்டு, யன்னலருகே இருந்து, அந்தக் கரையைப் பார்த்து அழுதுவிட்டு வரலாம். வலப்புற அறையைக் கேட்டு, திறந்த கடலை மாத்திரம் பார்த்துக்கொண்டு வரலாம். இரண்டும் சரியே. எது உனக்கு நல்லது என்று வேறொருவர் தீர்மானிக்காதிருக்கட்டும்.

அறையும் வர்க்கமும்

கப்பலில் அறை இருக்கும் இடம் ஒரு காலத்தில் உயிரையே தீர்மானித்தது. 1912 ஏப்ரலில் 'டைட்டானிக்' மூழ்கியபோது, பிரித்தானிய விசாரணைக் கணக்கின்படி முதலாம் வகுப்புப் பெண்கள் 144 பேரில் 140 பேர் காப்பாற்றப்பட்டனர். மூன்றாம் வகுப்புப் பெண்கள் 165 பேரில் 76 பேரே தப்பினர். படகுகள் மேல் தட்டில், ஏழைப் பெண்கள் கீழ்த்தட்டில். மேலே வரும் வழி சுற்றுவழி. அந்த அழிவுக்குப் பின்னர்தான் 1914இல் கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான முதல் சர்வதேச உடன்படிக்கை உருவானது. இன்று மலிவான உள்ளறையில் இருப்பவருக்கும் உயிர்காப்புப் படகிலோ மிதவையிலோ இடம் ஒதுக்கப்பட்டிருக்க வேண்டும். ஆகவே மலிவான அறை என்றால் ஆபத்தான அறை என்ற பயம் வேண்டாம்.

இன்னொரு கூட்டத்தாரையும் மறக்கக்கூடாது. உங்கள் கட்டிலை விரிக்கும் பெண், கோப்பை கழுவும் இளைஞன் ஆகியோரும் அதே கப்பலில்தான் உறங்குகின்றனர். 2006ஆம் ஆண்டின் கடற்தொழிலாளர் சமவாயம் 2013இல் நடைமுறைக்கு வந்தது. கப்பல் தொழிலாளரின் படுக்கையறைகள் நீர்மட்டக் குறிக்கு மேலே இருக்க வேண்டும் என்பது அதன் பொதுவிதி. ஆனால் பயணிகள் கப்பல்களில், வெளிச்சமும் காற்றோட்டமும் போதியளவு இருந்தால், அக்குறிக்குக் கீழேயும் அனுமதிக்கலாம் என்று விலக்கு இருக்கின்றது. யன்னலும் பல்கணியும் விற்கப்படுவதால், விற்க முடியாத இடம் உழைப்பவருக்குப் போகின்றது. எங்கள் பெண்களும் வீட்டுப்பணிக்கு மத்திய கிழக்கு போய்க் களஞ்சிய அறைகளில் படுத்தவர்கள். அதனால் அந்தப் பெண்ணைக் கண்டால் ஒரு சிரிப்பும் அன்பான வார்த்தையும் எம்மிடமிருந்து அவளுக்குக் கிடைக்கட்டும்.

பிள்ளைகளிடம் சொல்ல வேண்டியவை

தொலைபேசியில் பேசும்போது மறக்காதிருக்க, கீழுள்ளவற்றை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்குத் தலைச்சுற்று உண்டு, அல்லது இல்லை. இருந்தால் நடுவில், கீழ்த்தட்டில்.

யன்னல் வேண்டும், அல்லது வேண்டாம்.

எனக்குக் கீழ்க்கட்டில் வேண்டும்.

என் அறைக்கு மேலும் கீழும் அறைகளே இருக்கட்டும்.

படி ஏற முடியும், அல்லது முடியாது.

என் அறை உங்கள் அறையிலிருந்து எவ்வளவு தூரம்?

அவசர ஒலிப் பயிற்சி எத்தனை மணிக்கு?

இவற்றோடு, நீங்கள் எடுக்கும் மருந்துகளின் பெயர்களையும் எழுதிக் கொண்டு போங்கள். கப்பலில் வைத்தியர் இருப்பார், ஆனால் கட்டணம் உண்டு. பயணக் காப்புறுதி இருக்கிறதா என்று பிள்ளைகளிடம் கேளுங்கள். கடல் நோய்க்கான குளிசை சத்தி தொடங்கமுன் எடுத்தால்தான் நன்றாக வேலை செய்யும். பிரஷர், சீனி வருத்தங்களுக்கு மருந்தெடுப்பவர்கள் அதைத் தங்கள் வைத்தியரிடம் கேட்காமல் எடுக்கக்கூடாது. கர்ப்பிணிகளை 24 வாரத்துக்குப் பின் பெரும்பாலான கப்பல் கொம்பனிகள் ஏற்றுவதில்லை.

கடைசியாக ஒன்று. "நான் கப்பலுக்கு வரேல்லை, வீட்டிலை பிள்ளைகளோடை இருந்து கதைக்கத்தான் வந்தனான்" என்று சொல்ல விரும்பும் தாய்மாரும் உண்டு. அதுவும் ஒரு பதில். பணம் கட்டிய பிறகு சொல்வதை விட, கட்டமுன் சொல்வது எல்லோருக்கும் நல்லது. வெளிநாட்டிலிருந்து இப்பக்கத்தை வாசிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். "எனக்கு எதெண்டாலும் பரவாயில்லை" என்று அம்மா சொன்னால், அத்துடன் விட்டுவிடாதீர்கள். கப்பலின் வரைபடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, இன்னொரு முறை ஆறுதலாகக் கேளுங்கள்.

மீண்டும் அடுத்த மாதம் சந்திப்போம்.